வழக்கமாகிப்போன பக்தியிலிருந்து உண்மையான ஒப்புக்கொடுத்தலுக்கு வருவது எப்படி?

கேள்வி: தாமிரபரணிக்கரை

அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். நான் திருநெல்வேலிப் பகுதியில் தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பமொன்றில் பிறந்தவள். பாட்டனாருக்கும் முந்திய தலைமுறையிலிருந்தே எங்கள் வீட்டில் கிறிஸ்தவ வழிபாடு இருந்துவருகிறது. குழந்தைப் பருவத்து ஞானஸ்நானம், ஓய்வுநாள் பள்ளி, திடப்படுத்தல், திருவிருந்து, இப்போது பெண்கள் ஐக்கிய சங்கம் என எதையும் நான் விட்டவள் அல்ல. காலையில் வேதவாசிப்பு, இரவில் குடும்ப ஜெபம், ஈஸ்டருக்கு முந்திய லெந்து நாட்களில் உபவாசம், ஸ்தோத்திரப் பண்டிகைக்குக் காணிக்கை, அசனப் பண்டிகையில் பரிமாறும் ஊழியம் ஆகிய எல்லாம் முறையாகவே நடக்கின்றன.

ஆனால் சில காலமாக இவை அனைத்தும் என் பழக்கத்தினால் நடக்கின்றனவா, விசுவாசத்தினால் நடக்கின்றனவா என்ற கேள்வி என்னை வருத்துகிறது. ஆராதனையில் பாவ அறிக்கையை உதடுகள் சொல்லி முடித்துவிடுகின்றன. மனம் அங்கே இருந்ததா என்பது எனக்கே தெரிவதில்லை. வாயினால் சேர்ந்து, உதடுகளினால் கனம்பண்ணி, இருதயத்தை மட்டும் தூரமாக விலக்கிவைக்கும் ஜனங்களைப் பற்றி ஏசாயா 29ஆம் அதிகாரத்தில் கர்த்தர் சொல்வதை வாசிக்கக் கேட்டால், அது என்னைக் குறித்தே எழுதப்பட்டதுபோல் இருக்கிறது.

கன்வென்ஷன் கூட்டங்களில் ஒப்புக்கொடுக்கும்படி அழைக்கப்பட்டபோதெல்லாம் கையுயர்த்தியிருக்கிறேன். அந்த நேரத்தில் கண்ணீர் வரும். சில வாரங்களில் முன்பிருந்த நிலையே திரும்பிவிடும். உறவினர் ஒருவர், எங்கள் சபையில் இருப்பது வெறும் சடங்கு என்றும், அதைவிட்டு வெளியே வந்து முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தால்தான் இரட்சிப்பின் நிச்சயம் வரும் என்றும் அன்போடுதான் வற்புறுத்துகிறார்.

நான் அறிய விரும்புவது இதுதான். தேவனுக்குத் தன்னை ஒப்புக்கொடுத்தல் என்பது நடைமுறையில் என்ன? எழுதப்பட்ட ஜெபங்களும் முறைமைகளும் அதற்குத் தடையா? உள்ளத்தில் உணர்ச்சி எதுவும் எழாவிட்டால் அந்த ஒப்புக்கொடுத்தல் பொய்யாகிவிடுமா? வேதவசனங்களை மட்டும் அடுக்காமல், இந்த வழியில் நடந்தவர்களைக் கொண்டு விளக்கினால் நன்றியுள்ளவளாயிருப்பேன்.

பதில் 1: பழைய பாமாலை

சகோதரிக்கு ஸ்தோத்திரம். ஓய்வுபெற்ற ஆசிரியன் நான். சபைச் சரித்திரத்தை விரும்பிப் படிப்பவன். உங்கள் கேள்வியை வாசித்தவுடன் ஜான் வெஸ்லிதான் நினைவுக்கு வந்தார். உங்கள் நிலையில் அவரைவிடத் தீவிரமாக இருந்தவர்கள் குறைவு.

வெஸ்லி போதகர் வீட்டுப் பிள்ளை. 1728இல் ஆங்கிலிக்கன் திருச்சபையில் குருப்பட்டம் பெற்றவர். ஆக்ஸ்போர்டில் அவரும் அவருடைய தம்பி சார்லஸும் சேர்ந்து நடத்திய சிறு குழுவினர் புதன்கிழமையும் வெள்ளிக்கிழமையும் உபவாசித்தார்கள், வாரந்தோறும் திருவிருந்தில் பங்குபெற்றார்கள், சிறைச்சாலைக்குச் சென்று கைதிகளைக் கண்டார்கள். இவ்வளவு ஒழுங்கோடு வாழ்ந்த அந்த மனிதர் அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்கு மிஷனெரியாகப் போகும் வழியில், 1736 ஜனவரியில், கடும் புயலில் சிக்கினார். பாய்மரத்தின் பெரிய பாய் கிழிந்து, கப்பலுக்குள் கடல்நீர் புகுந்து, ஆங்கிலேயர்கள் அலறிக்கொண்டிருந்த வேளையில், அதே கப்பலில் வந்த மொராவிய சபையைச் சேர்ந்த ஜெர்மானியர்கள் தாங்கள் தொடங்கிய சங்கீதத்தை நிறுத்தாமல் பாடினார்கள். உங்கள் பெண்களும் பிள்ளைகளும் பயப்படவில்லையா என்று வெஸ்லி கேட்டபோது, அவர்கள் சாவதற்குப் பயப்படுவதில்லை என்ற பதில் கிடைத்தது. தமக்கோ மரணபயம் இருந்ததை வெஸ்லி தம்முடைய நாட்குறிப்பில் மறைக்கவில்லை.

ஜார்ஜியாவில் இறங்கியபின், மொராவியப் போதகரான ஸ்பாங்கன்பெர்க், இயேசு கிறிஸ்துவை நீர் அறிவீரா என்று அவரிடம் கேட்டார். அவர் உலகத்தின் இரட்சகர் என்று அறிவேன் என்றார் வெஸ்லி. மெய்தான், ஆனால் அவர் உம்மை இரட்சித்தார் என்று அறிவீரா என்பது அடுத்த கேள்வி. வெஸ்லி ஏதோ ஒரு பதிலைச் சொன்னார். ஆனால் அவை வீண் வார்த்தைகளாக இருந்தன என்று அஞ்சுவதாகப் பின்னர் எழுதிவைத்தார். குருப்பட்டம் பெற்று எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு அவர் நின்ற இடம் அது.

1738 மே 24 அன்று மாலை இலண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருவில் கூடிய ஒரு சிறு கூட்டத்துக்கு மனமில்லாமலேயே போனார் அவர். ரோமருக்கு எழுதின நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை அங்கே ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். கிறிஸ்துவை விசுவாசிப்பதனால் தேவன் இருதயத்தில் உண்டாக்கும் மாற்றத்தைப் பற்றிய பகுதி வந்தபோது தம்முடைய இருதயம் விந்தையாக அனல்கொண்டது என்றும், கிறிஸ்து தம்முடைய பாவங்களையே நீக்கினார் என்ற நிச்சயம் தமக்குக் கொடுக்கப்பட்டது என்றும் எழுதினார். இந்தச் சம்பவத்தைச் சொல்லும் பிரசங்கிகள் பெரும்பாலும் விட்டுவிடும் ஒரு செய்தி உண்டு. அதே நாள் பிற்பகலில் அவர் புனித பவுல் பேராலயத்தின் ஆராதனையில் இருந்தார். ஆழங்களிலிருந்து கூப்பிடுகிறேன் என்னும் 130ஆம் சங்கீதம் அங்கே பாடப்பட்டது. எழுதப்பட்ட முறைமையின்படி பாடப்பட்ட அந்தச் சங்கீதமும் மாலையில் நடந்ததற்கு அவரை ஆயத்தப்படுத்தியது என்றே நான் நம்புகிறேன்.

அடுத்து நடந்ததும் உங்களுக்குத் தேவைப்படும். சில மாதங்களுக்குள் அவருக்குச் சந்தேகங்கள் மீண்டும் வந்தன. 1739 ஜனவரியில், நான் இப்போதும் கிறிஸ்தவன் அல்ல என்றுகூட எழுதினார். கண்ணீர் வற்றியவுடன் எல்லாம் பொய்யாயிற்று என்று நீங்கள் நினைப்பதற்கு முன் இதை எண்ணிப்பாருங்கள். அதே காலத்தில் அவர் சேர்ந்திருந்த ஃபெட்டர் லேன் சங்கத்தில் சிலர், முழு நிச்சயம் வரும்வரை திருவிருந்தையும் வேதவாசிப்பையும் ஜெபத்தையும் விட்டு அமைதியாகக் காத்திருக்க வேண்டும் என்று போதித்தார்கள். உங்கள் உறவினர் சொல்வதோடு இது முற்றிலும் ஒத்ததல்ல. ஆயினும் பழைய முறைமையை விட்டால்தான் உண்மை கிடைக்கும் என்ற எண்ணம் இரண்டிலும் உண்டு. வெஸ்லி அதை ஏற்காமல் 1740இல் அந்தச் சங்கத்தைவிட்டே பிரிந்தார். அவற்றைக் கிருபையின் சாதனங்கள் என்று அவர் அழைத்தார். அவற்றில் நம்பிக்கை வைப்பது தவறு, அவற்றை விட்டுவிடுவதும் தவறு என்பதே அவருடைய நிலைப்பாடு. இறக்கும்வரை ஆங்கிலிக்கன் குருவாகவே இருந்தார்.

கர்த்தராகிய இயேசுவைப் பற்றி லூக்கா எழுதுவதையும் கவனியுங்கள். தம்முடைய வழக்கத்தின்படியே ஓய்வுநாளில் ஜெபஆலயத்துக்குப் போனார் என்று நான்காம் அதிகாரத்தில் இருக்கிறது. 22ஆம் அதிகாரத்தில், வழக்கத்தின்படியே ஒலிவமலைக்குப் போனார் என்று மறுபடியும் வருகிறது. என்னுடைய சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது என்று அவர் தம்மை ஒப்புக்கொடுத்த இடம் அந்த மலைதான். வழக்கம் அவரை அங்கே கொண்டுபோயிற்று. அங்கே கேட்கப்பட்டது வழக்கத்துக்கு அப்பாற்பட்டது.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு வெஸ்லி விட்டுச்சென்ற ஒரு ஜெபத்தையே காட்டுகிறேன். 1755இல் இலண்டனில் அவர் உடன்படிக்கை ஆராதனையை, அதாவது சபையார் தங்களைத் தேவனுக்கு ஒப்புக்கொடுக்கும் ஆராதனையை நடத்தினார். அதற்கான வாசகங்களைப் பழைய பியூரிட்டன் போதகரான ரிச்சர்டு அலீனிடமிருந்து எடுத்துக்கொண்டார். வெஸ்லியின் வழிவந்த மெதடிஸ்டுகள் மூலமாக அது நம் தென்னிந்தியத் திருச்சபைக்கும் வந்து, புத்தாண்டையொட்டி நடத்தப்படுகிறது. நீங்களும் அதைச் சொல்லியிருப்பீர்கள். நான் இனி எனக்குச் சொந்தமல்ல, உமக்கே சொந்தம். உமக்குச் சித்தமானதில் என்னை வையும். யாரோடு நிறுத்தச் சித்தமோ அவர்களோடு என்னை நிறுத்தும். வேலை செய்ய வைத்தாலும் பாடுபட வைத்தாலும், பயன்படுத்தினாலும் ஒதுக்கிவைத்தாலும் உமக்காகவே இருப்பேன் என்பது அதன் கருத்து. ஒப்புக்கொடுத்தலை இதைவிடத் தெளிவாகச் சொல்ல எனக்குத் தெரியாது. இதை ஒரே மூச்சில் சொல்லிமுடிக்காமல், ஒவ்வொரு சொற்றொடரிலும் நின்று, இதை என்னால் மனதாரச் சொல்ல முடியுமா என்று கேளுங்கள். எந்த இடத்தில் உள்ளம் தயங்குகிறதோ அந்த இடத்தில்தான் உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது.

பதில் 2: புனேவில் ஒரு செவிலி

அக்காவுக்கு வணக்கம். ஐயா எழுதியது வெளிநாட்டு உதாரணம். நான் வேலை செய்யும் மாவட்டத்திலேயே ஒன்று இருக்கிறது. இங்கிருந்து சோலாப்பூர் செல்லும் இருப்புப்பாதையில் உள்ள கேட்காவ் என்னும் ஊரில் பண்டித ரமாபாய் நிறுவிய முக்தி மிஷன் இன்றும் செயல்படுகிறது.

ரமாபாய் 1858இல் பிறந்தவர். தந்தையார் அனந்த சாஸ்திரி தம் மனைவிக்கும் மகளுக்கும் சமஸ்கிருதம் கற்பித்தவர். அந்தக் குடும்பம் தீர்த்தயாத்திரையாக நாடெங்கும் நடந்து, கோயில்களில் புராணம் வாசித்து, நேம நிஷ்டைகளில் ஒன்றையும் குறைக்காமல் வாழ்ந்தது. 1870களின் பஞ்சத்தில் பெற்றோரையும் மூத்த சகோதரியையும் இழந்து, அண்ணனோடு கால்நடையாகவே கல்கத்தாவரை போனார். அங்கேதான் பண்டிதா, சரஸ்வதி என்ற பட்டங்கள் கிடைத்தன. கணவரையும் இழந்த பின்பு 1883இல் இங்கிலாந்து சென்று, வான்டேஜ் என்னும் ஊரில் ஆங்கிலிக்கன் கன்னியர் இல்லத்தில் தங்கி, அந்த ஆண்டு செப்டம்பரில் ஞானஸ்நானம் பெற்றார்.

பெரும்பாலானோர் கதையை அங்கே முடித்துவிடுவார்கள். ரமாபாய் பிற்காலத்தில் எழுதிய சாட்சி அதற்குப் பிறகே ஆழமாகிறது. ஞானஸ்நானம் பெற்று ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் கழித்துத்தான், தாம் கிறிஸ்தவ மார்க்கத்தைக் கண்டடைந்திருந்தும் அந்த மார்க்கத்தின் ஜீவனான கிறிஸ்துவைக் கண்டடையவில்லை என்று உணர்ந்ததாகச் சொல்கிறார். ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாகத் தன் சிலாக்கியங்களைக் கொடுக்கும் மார்க்கம் கிடைத்ததில் அவருக்கு உண்மையான நிம்மதி இருந்தது; தமக்குப் போதித்தவர்கள்மேல் அவர் குறைகூறவுமில்லை. ஆனாலும் தமக்குத் தேவைப்பட்டது கிறிஸ்துவே என்று கண்டார்.

அவரை அசைத்தவற்றுள் ஒன்று, இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் போதகராயிருந்த வில்லியம் ஹாஸ்லமின் தன்வரலாறு. ஹாஸ்லம் பல ஆண்டுகள் குருவாக இருந்தபின், 1851இல் பால்டு ஊர் ஆலயத்தில், கிறிஸ்துவைக் குறித்து என்ன நினைக்கிறீர்கள் என்னும் வசனத்தின்மேல் தாமே பிரசங்கித்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பிரசங்கத்தினாலேயே மனந்திரும்பினார். ஐயர் மனந்திரும்பிவிட்டார் என்று சபையில் ஒருவர் எழுந்து கத்தினாராம். மற்றவர்களுக்கு நெடுங்காலம் போதித்த மனிதருக்கே அது தேவைப்பட்டது என்பதை வாசித்த ரமாபாய், தமக்கும் அது தேவை என்பதை எந்தக் கூச்சமுமின்றி ஏற்றுக்கொண்டார்.

இதில் நான் முக்கியமாகக் கருதுவது ஒன்று உண்டு. அந்த நிச்சயம் அவரைத் தமக்குள்ளேயே மூடிக்கொள்ளச் செய்யவில்லை. 1896-97 பஞ்சத்தின்போது, சிறுவயதில் தாம் அனுபவித்த பஞ்சத்தை நினைவில் வைத்து, மத்திய மாகாணங்களுக்குப் போய்ப் பட்டினியால் மெலிந்த பெண்களையும் சிறுமிகளையும் நூற்றுக்கணக்கில் அழைத்துவந்து கேட்காவில் காப்பாற்றினார். வேதாகமத்தை எளிய மராத்தியில் மொழிபெயர்க்கும் வேலையில் 1922இல் இறக்கும்வரை உழைத்தார். உண்மையாக ஒப்புக்கொடுத்தோமா என்று நம் உள்ளத்தையே தோண்டிக்கொண்டிருப்பதைவிட, ஆண்டவர் யாரை நம் வாசலில் நிறுத்துகிறார் என்று பார்ப்பது நல்லது. மருத்துவமனையில் இரவுப் பணியின்போது ஜெபம் செய்ய நேரமே கிடைக்காத நாட்களில் இந்த எண்ணம்தான் என்னை நடத்துகிறது.

மறுஞானஸ்நானத்தைப் பற்றி நான் வாதிடமாட்டேன். சபைகளுக்குள் அது பழைய கருத்துவேறுபாடு. ஆனால் எந்தச் சபையின் எந்த ஞானஸ்நானமும் கிறிஸ்துவுக்கு ஈடாகாது என்பதற்கு ரமாபாயின் அந்த எட்டு ஆண்டுகளே சாட்சி.

பதில் 3: காவிரிக்கரைக் கத்தோலிக்கன்

இயேசுவுக்குப் புகழ். நான் கத்தோலிக்கன் என்பதால் சில சொற்கள் வேறுபடும், பொறுத்துக்கொள்ளுங்கள். உணர்ச்சியைப் பற்றிய உங்கள் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அன்னை தெரசாவின் மடல்கள் அவர் இறந்து பத்தாண்டுகள் கழித்து, 2007இல் வெளியிடப்பட்டன. கல்கத்தாவில் ஏழைகளிடையே தம் பணியைத் தொடங்கிய காலத்திலிருந்தே, இறைவன் தம்மோடு இருக்கிறார் என்ற உள்ளுணர்வை இழந்து, பல பத்தாண்டுகள் இருளில் இருந்ததாக அவர் தம் ஆன்மிக வழிகாட்டிகளுக்கு எழுதியிருக்கிறார். அந்த மடல்களைக் கண்டு, அவருக்கு விசுவாசமே இல்லை என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அவை எதிர்மாறாகவே தோன்றின. அந்த ஆண்டுகளில் ஒவ்வொரு நாளும் அவர் திருப்பலிக்குச் சென்றார், நற்கருணைமுன் முழந்தாளிட்டார், பிறகு எழுந்துபோய்த் தெருவில் கிடந்தவர்களைத் தூக்கினார். ஆறுதல் ஏதும் கிடைக்காத நிலையில் ஒருவர் இவ்வளவு காலம் தம்மைக் கையளித்துக்கொண்டே இருந்தால், அதை வெறும் பழக்கம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகள் என்னும் நூலில் ஒரு செபம் உண்டு. ஆண்டவரே, என் சுதந்திரத்தையும், நினைவையும், அறிவையும், விருப்பம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும். உமது அன்பும் அருளும் எனக்குப் போதும் என்று அது இறைஞ்சுகிறது. அங்கே எடுத்துக்கொள்ளும்படி கொடுக்கப்படுவனவற்றில் உணர்ச்சி இல்லை, விருப்பம் இருக்கிறது. போர்வீரராக இருந்த அவர் 1521இல் பாம்பலோனாவில் பீரங்கிக்குண்டால் கால் முறிந்து படுத்திருந்தபோதுதான் அவருடைய மனமாற்றம் தொடங்கியது; உடனே எல்லாம் நிறைவேறிவிடவில்லை. அடுத்துச் சென்ற மன்ரேசாவில் மாதக்கணக்கில் மனச்சஞ்சலத்தால் துன்பப்பட்டார், தற்கொலை எண்ணம்கூட வந்தது என்று அவரே கூறியிருக்கிறார்.

கண்ணீர் வந்தால் அதற்காக நன்றி சொல்லுங்கள், அதைத் தேடிப்போகாதீர்கள். கூட்டங்களில் இசையாலும் உரத்த குரலாலும் கண்ணீரை வரவழைத்துவிட முடியும் என்பதால், அதை அளவுகோலாக வைப்பது உங்களைத்தான் காயப்படுத்தும். மாற்கு நற்செய்தியில், நம்புகிறேன், என் நம்பிக்கையின்மை நீங்க உதவும் என்று கதறிய தகப்பனை ஆண்டவர் திருப்பியனுப்பவில்லை. அவனுடைய மகன் குணமடைந்தான்.

தாமிரபரணிக்கரை

மூவருக்கும் என் நன்றி. ஐயா சொன்னபடியே உடன்படிக்கை ஜெபத்தை மெதுவாக வாசித்தேன். வேலை, பாடு, நிறைவு, குறைவு ஆகிய எல்லா இடங்களையும் ஏதோ ஒருவகையில் கடந்துவிட்டேன். யாரோடு நிறுத்தச் சித்தமோ அவர்களோடு என்னை நிறுத்தும் என்ற இடத்தில் என்னால் மேலே போக முடியவில்லை.

வெளிப்படையாகவே எழுதுகிறேன். எங்கள் மகளுக்கு இப்போது வரன் பார்க்கிறோம். கொடுக்கவேண்டிய பயோடேட்டாவை என் கணவர் தயாரித்து வைத்திருக்கிறார். மணமகன் இரட்சிக்கப்பட்டவராக, ஜெபிக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவராக இருக்கவேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. அதற்கு அடுத்த வரியில் எங்கள் சாதியின் பெயர் இருக்கிறது. ஊரில் எல்லாக் கிறிஸ்தவக் குடும்பங்களும் அப்படித்தான் செய்கின்றன. மற்ற எல்லாவற்றையும் ஒப்புக்கொடுக்கலாம், இது குடும்பக் காரியம், இதில் ஆவிக்குரிய கேள்வி ஏதுமில்லை என்பது என் கணவரின் எண்ணம். அவர் நல்ல மனிதர், சபைக்காக உழைப்பவர். இதைத்தான் ஆண்டவர் கேட்கிறாரா, அல்லது நானே வலிந்து ஒன்றைக் கற்பித்துக்கொள்கிறேனா?

பதில் 4: வேப்பேரி வாசகி

அக்கா, இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். உங்கள் இரண்டாவது பதிவுக்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. நீங்கள் எதையும் வலிந்து கற்பித்துக்கொள்ளவில்லை. தமிழ்க் கிறிஸ்தவர்கள் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாகக் கடந்துபோக மறுத்து நிற்கும் இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள்.

1833இல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், தென்னிந்தியச் சபைகளுக்குச் சாதியைப் பற்றி ஒரு சுற்றுமடல் அனுப்பினார். அக்காலத்தில் தஞ்சாவூர், சென்னை முதலான இடங்களின் சபைகளில் சாதிவாரியாகத் தனித்தனியே உட்கார்ந்தார்கள்; திருவிருந்துக்கும் மேல்சாதியார் முதலில், மற்றவர் பிறகு என்று வந்தார்கள். சாதி வேற்றுமையைச் சபைக்குள் உறுதியாக, உடனடியாக, முடிவாகக் கைவிடவேண்டும் என்று அவர் எழுதினார். அதை ஏற்காமல் எங்கள் வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் சபையைவிட்டே விலகினார்கள். அவர்கள் பெயர்க் கிறிஸ்தவர்கள் அல்லர். கீர்த்தனை பாடுகிறவர்கள், வேதம் அறிந்தவர்கள், தலைமுறை தலைமுறையாக ஆலயத்துக்குக் கொடுத்தவர்கள். அவர்களிடம் இல்லாதது பக்தி என்று என்னால் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டார்கள். அந்த ஒன்றைக் கேட்டபோது ஆண்டவருடைய பந்தியைவிட்டே எழுந்துபோனார்கள்.

கத்தோலிக்கச் சகோதரர் தவறாக நினைக்கமாட்டார் என்று நம்புகிறேன். உங்கள் திருநெல்வேலிச் சீமையிலேயே வடக்கன்குளத்தில், சாதிக்கொரு பக்கம் என்று பிரிந்து உட்காரும்படியே கத்தோலிக்க ஆலயம் கட்டப்பட்டிருந்தது. அந்தப் பிரிவினையை 1910இல் நீக்கியபோது எழுந்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம்வரை போயிற்று. தனிக் கல்லறைத் தோட்டங்கள் இன்றும் பல ஊர்களில் இருக்கின்றன. ஆகவே இது ஒரு சபைப்பிரிவின் குறை அல்ல; முழுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் சபைகளிலும் கல்யாணம் என்று வந்தால் அதே பயோடேட்டாதான் சுற்றிவருகிறது. உங்கள் உறவினரின் சபைக்கு மாறினாலும் இந்தக் கேள்வி உங்களோடு கூடவே வரும்.

வரி வசூலிக்கும் ஆயக்காரனாகிய சகேயுவின் வீட்டில் நடந்ததை நினைத்துப்பாருங்கள். அவன் செய்த அறிக்கை பணத்தைப் பற்றியது: ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாய்த் திரும்பக் கொடுப்பது. ஆண்டவர் அவனிடம் உபவாசத்தைப் பற்றியோ தசமபாகத்தைப் பற்றியோ கேட்டதாக லூக்கா எழுதவில்லை. அதற்கு முந்திய அதிகாரத்தில் வாரத்தில் இரண்டுதரம் உபவாசித்துத் தசமபாகமும் செலுத்திய பரிசேயனோ நீதிமானாக்கப்படாமல் வீட்டுக்குப் போனான். ஆயக்காரனுக்குப் பணம் எப்படியோ அப்படியே நமக்குச் சாதி. அதைத் தொடாத ஒப்புக்கொடுத்தல் நம் வாழ்க்கையின் நடுவிடத்தைத் தொடாததே.

என் பெற்றோர் இந்த வரியை எழுதாமலேயே எனக்கு மணம் பேசினார்கள். உறவினர்களில் சிலர் திருமணத்துக்கு வரவில்லை. அந்த வருத்தம் அம்மாவுக்கு நெடுநாள் இருந்தது. சுலபமான வழி என்று உங்களிடம் சொன்னால் அது பொய்யாகும். ஆனால் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் அம்மா செய்த ஜெபங்கள் முன்பு செய்தவற்றைப்போல் இருக்கவில்லை. கேட்கிறவர் கேட்கிறார் என்ற அச்சமும் அன்பும் அவற்றில் இருந்தன.

பதில் 5: பழைய பாமாலை

சகோதரி, வேப்பேரியிலிருந்து எழுதியவர் நான் சொல்லியிருக்கவேண்டியதை என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டார். நடைமுறைக்கு இரண்டொரு காரியங்களை மட்டும் சேர்க்கிறேன்.

உங்கள் கணவரிடம் இதை ஒரு தீர்ப்பாகக் கொண்டுபோகாதீர்கள். நீங்கள் நின்றுவிட்ட அந்தச் சொற்றொடரை அவருக்கு வாசித்துக்காட்டி, என்னால் இதைக் கடக்க முடியவில்லை, நீங்கள் கடந்துவிட்டீர்களா என்று கேளுங்கள். சபைக்காக உழைக்கிற மனிதர் அந்தக் கேள்வியை இலேசாகத் தள்ளமாட்டார். ஒருவேளை ஒரே நாளில் பதிலும் சொல்லமாட்டார். காத்திருங்கள். உங்கள் மகளையும் உடன் வைத்துப் பேசுங்கள். மணம் அவளுடையது, அவளுடைய விசுவாசத்தின் தரப்பும் கேட்கப்படவேண்டும். போதகர் நம்பத்தக்கவராயிருந்தால் அவரிடம் தனியாகச் சொல்லுங்கள். ஊரார் எல்லோருக்கும் அறிவிக்கவேண்டிய அவசியமில்லை.

வேதவாசிப்பையும் ஆராதனையையும் ஐக்கிய சங்கத்தையும் இதற்கிடையில் விட்டுவிடாதீர்கள். மனம் அங்கே இருக்கிறதா என்ற சோதனையைச் சற்றே நிறுத்திவைத்து, சொல்லும் வார்த்தைகளில் ஏதேனும் ஒன்றையாவது அந்த வாரத்தில் செய்யப் பாருங்கள்.

தாமிரபரணிக்கரை

ஐயா, இன்று இரவு குடும்ப ஜெபத்துக்குப் பிறகு பேசலாம் என்றிருக்கிறேன். மகளிடம் முன்கூட்டியே சொன்னேன். அந்த வரியை நீக்கும்படி அவளே தன் அப்பாவிடம் கேட்க நினைத்து, பயந்துபோய்ப் பேசாதிருந்தாளாம். உடன்படிக்கை ஆராதனையின் முழு வாசகமும் என்னிடம் இல்லை. கிடைக்கும் இடத்தைச் சொன்னால் மூன்று பேரும் சேர்ந்து வாசிப்போம்.

பழைய பாமாலை

நம் திருச்சபையின் ஆராதனைமுறைப் புத்தகத்தில் இருக்கிறது. உங்கள் போதகரிடம் ஒரு பிரதி இருக்கும். கேட்டு வாங்குங்கள், புத்தாண்டுவரை காத்திருக்க வேண்டியதில்லை.